முழுச் சுளிப்பு

குழாய்க்காரர் தன் மனைவியிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய மீன்-ஜாம் ரொட்டி அவருக்குப் பிடிக்காது.

கல்யாணமான புதிதில் நடந்தது அது. அடுப்படி அலமாரியிலிருந்து கொய்யா ஜாம் பாட்டில் சரிந்து, வறுத்து வைத்திருந்த மீன்மேல் கவிழ்ந்தது. வீணாக்க மனமில்லாமல் அவள் இரண்டையும் ரொட்டிக்குள் வைத்து நீட்டினாள். அவர் ஒரு வாய் கடித்தார். விழுங்கினார். கூரையைப் பார்த்தார். பிறகு, "பிரமாதம்" என்றார்.

புது மாப்பிள்ளை வேறு என்ன சொல்வான்?

அந்த ஒரு சொல்லை நம்பி அவள் கடை திறந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. முதலில் ஊர் கேலி பேசியது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்றது. பிறகு ஒரு பேருந்து ஓட்டுநர் பசி பொறுக்காமல் வாங்கித் தின்றார். மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் மதிய வரிசை சாலையைக் கடந்து போனது. அவளுக்கு ஜாமக்கா என்று பெயர் நிலைத்தது.

ஆக, ஊரில் மீன்-ஜாம் ரொட்டி பிடிக்காத ஆள் ஒருவர்தான் மிச்சம். கடையின் முதல் ரொட்டியைத் தினமும் அவர்தான் சாப்பிட்டார். ராசியான வாய் என்று அவள் நம்பினாள்.

சுளிக்க வேண்டிய முகத்தைச் சுளிக்காமல் வைத்திருப்பதும் உழைப்புத்தான். வருஷக்கணக்கில் உழைத்தார். உள்ளே அடக்கிய சுளிப்பெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று அவர் யோசிக்கவில்லை. மற்றவர்கள் யோசிக்காவிட்டால் பரவாயில்லை. அடைத்த தண்ணீர் என்றைக்காவது ஒரு மூட்டில் பீறிடும் என்பது குழாய்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இணையுணவு அளவை நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் பீறிட்டது.

வழக்கமாகச் சேராத இரண்டு பண்டங்களை ஒரே தட்டில் வைத்து விற்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. நிறுவனத்துக்குக் கட்டடம் இருந்தது. கொடி இருந்தது. தராசுத் தட்டில் நாக்கு உட்கார்ந்திருக்கும் சின்னம் இருந்தது. அளவு மட்டும் இல்லை. நீளத்துக்கு மீட்டர் உண்டு, எடைக்குக் கிலோ உண்டு. அருவருப்புக்கு என்ன உண்டு? இதைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் நாள் முழுதும் கூடிப் பேசினார்கள். இடையில் தேநீர் குடித்தார்கள்.

அன்று சுவைக்கூடத்தில் கைகழுவும் குழாய் ஒழுகியது. குழாய்க்காரர் போய் அடைத்தார். நிமிர்ந்தபோது மேசைமேல் ஒரு தட்டு. வாழைப்பழத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் பச்சை வெங்காயம். வேலைக்கு வந்தவனுக்கு வைத்தது போலிருக்கிறது என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டார். காலையில் தின்ற மீன்-ஜாம் ரொட்டி இன்னும் வயிற்றில் முழித்துக்கொண்டிருந்தது.

மடை உடைந்தது.

புருவங்கள் ஒன்றையொன்று தேடி ஓடின. மூக்கு ஏணி வைத்து ஏறியது. ஒரு கண் மூடிக்கொண்டது; மற்றது மூடலாமா என்று யோசித்தது. உதடுகள் சுருக்குப்பையின் வாயாகின. காதுகள் பின்னால் நகர்ந்ததைத் தாம் கண்ணாரக் கண்டதாக, பக்கத்தில் நின்ற முகப்பிரிவு அதிகாரி பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

"யோவ் குழாய்! அசையாத! அப்படியே நில்லு!" என்று கத்தினார் அந்த அதிகாரி.

"நான் வேணும்னு எடுக்கலீங்க..."

"பேசாத! முகம் கலையுது!"

இயக்குநர் படியேறி வருவதற்குள் முகம் இறங்கிவிட்டது. இன்னொரு துண்டு ஊட்டினார்கள். முகம் அச்சுப் பிசகாமல் திரும்ப வந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதைத்தான்யா நாம தேடிட்டு இருந்தோம்" என்றார்.

"ஐயா, குழாய் வேலை முடிஞ்சுது. நான் கிளம்பலாமா?"

"நீங்க எங்கயும் போக முடியாது. இனிமே நீங்கதான் அளவு."

இப்படியாகக் குழாய்க்காரர் நாட்டின் தர முகமானார். அவர் காட்டியது ஒரு முழுச் சுளிப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பண்டத்தைத் தின்ற மற்ற மனிதர்களின் முகங்கள் அதோடு ஒப்பிடப்பட்டு அரைச் சுளிப்பு, கால் சுளிப்பு, வீசம் சுளிப்பு என்று குறிக்கப்பட்டன. கால் சுளிப்புக்குமேல் வாங்கிய பண்டம் விற்பனைக்கு ஆகாது.

பதவியேற்பு விழாவில் இயக்குநர் பேசினார். "நான் எந்த உணவையும் ருசி பார்க்கிறதில்ல. பார்த்ததும் இல்ல. ருசி பார்த்தவனுக்கு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தவன் எப்படி நியாயமா அளப்பான்? உப்புக்கூட ஒரு பக்கச்சார்புதான்." எல்லோரும் கை தட்டினார்கள். அவருடைய மதிய உணவு வேகவைத்த வெறும் உருளைக்கிழங்கு.

குழாய்க்காரருக்குக் கண்ணாடி அறை ஒன்று கட்டினார்கள். வெயில் பட்டால் முகம் விரியும், குளிர் பட்டால் சுருங்கும் என்பதால் உள்ளே ஒரே சீதோஷ்ணம். காலையில் ஒரு பணியாள் முகத்தின் வெல்வெட் திரையை விலக்குவார். வாழைப்பழ வெங்காயம் ஊட்டப்படும். முகம் சுளியும். பக்கத்தில் நிற்பவர்கள் முகம் அளக்கும் தங்கள் கருவிகளைச் சரிபார்த்துக்கொள்வார்கள். திரை மூடப்படும். இவ்வளவுதான் வேலை. தன் மீசையை மட்டும் அவர் நிறுவனத்தைக் கேட்காமல் தொடக் கூடாது. வெளியூர்க் கிளைகளுக்கு அவர் முகத்தைப் பார்த்துப் பழகிய துணைத் தர முகங்கள் அனுப்பப்பட்டன. அதில் ஒரு துணை முகம் போகிற வழியில் கண்ணடித்துவிட்டதாகப் புகார் வந்து, பாதி வழியில் திருப்பி அழைக்கப்பட்டது.

"வீட்ல முகத்தப் பயன்படுத்தக் கூடாதாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

"அதுக்கென்ன. எப்பவும்போல இருங்க" என்றாள் அவள்.

மாதங்கள் ஓடின. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்; நாக்கு எம்மாத்திரம்? வெங்காயத்தின் காரம் வாழைப்பழத்தின் குழைவோடு ஏதோ பேசிச் சமாதானம் ஆகிவிட்டது போலிருந்தது. ஒரு காலையில், திரை விலகும் முன்பே, அவர் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பதை உணர்ந்தார். பயந்துபோனார். துண்டு வாய்க்குள் போனது. பழம் நன்றாகக் கனிந்திருந்தது.

குழாய்க்காரர் சிரித்தார். வாய் கொள்ளாத, பல் தெரிந்த, கண் சுருங்கிய சிரிப்பு.

"இன்னும் கொஞ்சம் வெங்காயம் கெடைக்குமா?"

முகப்பிரிவு அதிகாரி திரையை இழுத்து மூடினார். கூடத்துக் கதவையும் மூடினார். பிறகு தன் வாயையும் பொத்திக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார்.

"சார், முகம் கெட்டுப்போச்சு. வேற முகம் பாக்கணும்."

"வேற முகம் வெச்சா, இந்த முகத்த வெச்சு இதுவரைக்கும் அளந்ததெல்லாம்?"

"தப்பாயிடும் சார்."

"இந்த அளவக் கண்டுபிடிச்சதுக்கு நான் வாங்கின விருது?"

அதிகாரி தரையைப் பார்த்தார்.

இயக்குநர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "நல்லா யோசிச்சுப் பாருங்க. எடைக்கல்லு இளைச்சுப்போச்சுன்னு எவனாவது சொல்லுவானா? ஊர்ல இருக்கற சாமானெல்லாம் குண்டாயிடுச்சுன்னுதான் சொல்லணும். தர முகம் என்ன காட்டுதோ அதுதான் ஒரு சுளிப்பு. இன்னிக்கு அது என்ன காட்டிச்சு?"

"சிரிப்பு சார்."

"அப்ப அதுதான் சுளிப்பு."

"சார், அப்படின்னா சிரிக்கறவங்க..."

"அருவருப்புல இருக்காங்க."

"சுளிக்கறவங்க?"

"சந்தோஷமா இருக்காங்க. அவங்களுக்கே அது தெரியாம இருக்கலாம். அதச் சொல்றதுக்குத்தானே நாம இருக்கோம்?"

அதிகாரிக்கு நிம்மதியாயிற்று. சிரிக்கப் போனவர், சட்டென்று நினைவு வந்து முகத்தைச் சுளித்தார். இயக்குநரும் பதிலுக்கு அன்போடு சுளித்தார்.

அன்று முதல் நிறுவனத்தில் காலை வணக்கம் சுளித்துச் சொல்லப்பட்டது. இயக்குநரின் பிறந்தநாளில் ஊழியர்கள் அத்தனை பேரும் நாற்றத்தை முகர்ந்தவர்கள் போல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்க வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தார்.

ஊருக்குள் விளைவு தெரிய நாளாகவில்லை. பாகற்காய் ஐஸ்கிரீம் தேர்ச்சி பெற்றது. பூண்டுக் காபி சிறப்புத் தேர்ச்சி. சாக்லேட் ஊற்றிய முட்டைக்கோஸ் மருத்துவமனைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நோயாளிகள் படுக்கையை விட்டெழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். நோய் குணமாகும் வேகம் கூடியிருப்பதாக நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. தேநீரில் நனைத்த பிஸ்கட்டைத் தின்றவர்கள் லேசாகச் சிரித்தார்கள்; அது தடை செய்யப்பட்டது. முகப்பிரிவு அதிகாரி தன் மேசைக்கு அடியில் குனிந்து நனைத்துத் தின்றார். நிமிரும்போது ஒழுங்காகச் சுளித்துக்கொண்டார்.

பழைய கடைகளையும் அளப்பதென்று முடிவானது. பேருந்து நிலையத்து எதிர்வரிசைக்கு ஆள் வந்து தேதி சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடையில் ஜாமக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மீன் வறுக்கும் அவள் தம்பி சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குழாய்க்காரர் வந்ததும் அவன்தான் ஆரம்பித்தான்.

"வாங்க மாமா. நாட்டுக்கே மூஞ்சி நீங்க. அக்கா கடைய மூட வெச்சிட்டீங்க."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"சிரிச்சீங்க. அது போதாதா? நம்ம ரொட்டியத் தின்னு சிரிக்காத ஆள் யாரு? வர்றவங்க கடைசி வரைக்கும் பல்லக் காட்டிட்டு நிக்கப் போறாங்க. கடைக்குப் பூட்டு."

"ஏங்க, உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் ஜாமக்கா.

"அங்க நான் வெறும் மூஞ்சிதான். பேசறதுக்கு வேற ஆள் இருக்காங்க."

தம்பி சும்மா விடவில்லை. வாடிக்கையாளர்களுக்குச் சுளிக்கப் பயிற்சி கொடுத்தான். முதன்முதலில் ரொட்டி தின்ற அந்தப் பேருந்து ஓட்டுநரைக் கடைவாசலில் நிற்க வைத்தான்.

"அண்ணே, உங்க முதலாளிய நெனச்சுக்குங்க. நல்லா மனசுல வாங்கிக்குங்க. ம், இப்ப கடிங்க."

ஓட்டுநர் முதலாளியை நினைத்துப் பல்லைக் கடித்தார். பிறகு ரொட்டியைக் கடித்தார். முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"மன்னிச்சிடு தம்பி. ரொம்ப நல்லா இருக்கு!"

"நல்லா இருக்குன்னு கத்தாதீங்கண்ணே, கடை போயிடும்!"

யாரும் தேறவில்லை. கடைசியில் குழாய்க்காரரே, நிறுவனத்தில் காதில் விழுந்த ஒன்றைச் சொன்னார். கடைக்காரர் ஆட்சேபம் தெரிவித்தால் தர முகமே நேரில் வந்து சாப்பிடும். அது காட்டுவதுதான் முடிவு. சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

ஜாமக்கா எழுந்து நின்றாள். "அப்ப நீங்க ஒரு தடவை சுளிச்சாப் போதுமே!"

"ம்."

"உங்களால முடியுமாங்க? இத்தன வருஷத்துல என் ரொட்டியத் தின்னு ஒரு நாள்கூட நீங்க மூஞ்சியச் சுளிச்சதில்லையே."

"பாக்கலாம்."

"மாமாவுக்கு நடிப்பெல்லாம் வராதுக்கா" என்றான் தம்பி. "தண்ணி வரலைன்னா வரலைன்னு சொல்ற மனுஷன்."

குழாய்க்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். சிரித்தால் கடை போகும். அந்தச் சிரிப்பு அவருக்குக் கைவந்தது. தினமும் காலையில் போடுவதுதான். சுளித்தால் கடை நிற்கும். ஆனால் சுளிப்பதற்கு அவர் நடிக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். மீனை முகர்ந்தே எந்த வேளை பிடித்தது என்று சொல்கிறவள். முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டாளா?

குறித்த நாளில் தெரு நிறைந்தது. நிறுவனத்தின் வண்டி வந்து நின்றது. வெல்வெட் திரைக்குள்ளிருந்து தர முகத்தைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவருடைய சொந்த மனைவியின் கடைக்கு முன்னால், விருந்தாளி மாதிரி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இயக்குநர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்த முகத்துக்கு மனைவி இல்ல, மச்சான் இல்ல. இது பொது முகம்."

"கேட்டுக்கக்கா" என்றான் தம்பி.

ஜாமக்கா ரொட்டியைத் தானே கொண்டுவந்தாள். அன்றைக்கென்று மீனைப் பதமாக வறுத்திருந்தாள். ஜாமும் தாராளம். "எனக்காக" என்று வாயசைத்தாள்.

அவர் ஒரு சின்னச் சுளிப்பாகக் காட்ட நினைத்தார். பழைய கணக்கில் அரைச் சுளிப்பு. நடிப்பு என்று அவள் நம்பக்கூடிய அளவு. ரொட்டியைக் கடித்தார். குழாயைக் கொஞ்சமாகத் திறக்கலாம் என்று நினைப்பவனுக்கு, உள்ளே வாஷர் தேய்ந்துபோயிருப்பது திறந்த பிறகுதான் தெரியும்.

கல்யாணமான புதிதிலிருந்து தின்ற அத்தனை முதல் ரொட்டிகளும் முகத்துக்கு வந்தன. புருவம், மூக்கு, உதடு என்று தனித்தனியாகச் சொல்ல முடியாமல் முகம் முழுக்க ஒரே முடிச்சானது. நெற்றி வகிடு வரைக்கும் மடிந்தது. இரண்டு கண்ணும் மூடின. முன்வரிசையில் நின்ற கைக்குழந்தை ஒன்று பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர் விசில் ஊத மறந்தார்.

"பேரானந்தம்!" என்று கத்தினார் இயக்குநர். "ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல! நம்ம அளவுக்கே அடங்கல! சுளிப்புப் பூஜ்யம்! பூஜ்யத்துக்கும் கீழ!" முகப்பிரிவு அதிகாரி உணர்ச்சிவசப்பட்டு, சுளித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒப்புதல் பலகையை அங்கேயே கடை நெற்றியில் ஆணியடித்தார்கள். "நாட்டின் மிக இன்பமான இணையுணவு" என்று அதில் எழுதியிருந்தது. வாழ்நாளில் அந்த நிறுவனம் எழுதிய ஒரே உண்மை அதுவாக இருக்கலாம். அந்த உண்மை வந்த வழியை யாரும் கேட்கவில்லை.

"மாமா!" தம்பி ஓடிவந்து அவர் தோளை உலுக்கினான். "எங்க வெச்சிருந்தீங்க இந்த நடிப்ப? எனக்கே குமட்டிடுச்சு!"

கூட்டம் ரொட்டிக்கு முண்டியடித்தது. ஜாமக்கா பரிமாறினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஜாம் கரண்டி ஒருமுறை பாட்டிலுக்கு வெளியே போய்த் தட்டியது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். அடுப்படியில் அவள் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் நிலைப்படியில் நின்றார்.

"எந்த ரொட்டியிலேருந்து?" என்றாள் திரும்பாமல்.

அவர் புரியாதவர் போல் நடித்துப் பார்த்தார். வரவில்லை.

"முதல் ரொட்டியிலேருந்து."

"முதல் வாயிலேருந்தா?"

"ம்."

"அப்புறம் எதுக்குப் பிரமாதம்னீங்க?"

"தட்ட நீட்டிட்டு நின்னியே. உன் மூஞ்சியப் பாத்தேன். வேற வார்த்தை வரல."

கத்தி நின்றது. "ஊரே புகழ்ந்ததுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"அப்ப ஊரு முழுக்க ஒரு பக்கம். நான் மட்டும் எப்படித் தனியா நிக்கறது?"

அவள் மறுபடி நறுக்கினாள். "அன்னிக்கு நீங்க உண்மையச் சொல்லியிருந்தா கடையே இல்ல. இன்னிக்கு உண்மையச் சொல்லாம இருந்திருந்தாலும் கடை இல்ல. உங்கள என்னன்னு திட்டறதுன்னே தெரியல."

"யோசிச்சு வெய்யி. நாளைக்குத் திட்டு."

"சிரிப்பு மூட்டாதீங்க. கோவமா இருக்கேன்."

அவள் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வாழைப்பழத் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பச்சை வெங்காயம்.

"இதானே இப்ப பிடிச்சிருக்கு? தின்னுங்க. இனிமே காலையில இதுதான். முதல் ரொட்டிய ஓட்டுநர் அண்ணனுக்குக் குடுத்துடறேன்."

அவர் அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பழம் பக்குவம். வெங்காயம் மெல்லிசாக நறுக்கியது. நிறுவனத்தில் இவ்வளவு மெல்லிசாக யாரும் நறுக்கியதில்லை. முகம் தானாக மலர்ந்தது.

அவள் எதிரே உட்கார்ந்து அந்தச் சிரிப்பை வெகுநேரம் பார்த்தாள். புது ஆளைப் பார்ப்பதுபோல.

"இதை எனக்குக் காட்டினதே இல்லையே நீங்க" என்றாள்.

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஜாமக்கா ஒரு துண்டை எடுத்தாள். வாயில் போட்டாள். மென்றாள். புருவம் ஒன்று கிளம்பி, பாதி வழியில் நின்று, இருந்த இடத்துக்கே திரும்பியது. விழுங்கினாள். கூரையைப் பார்த்தாள்.

"பிரமாதம்" என்றாள்.